ஆஸ்டனில் பத்து மணி நேரம்

அண்ணாவின் இடது காதுக்குள் 2005 ஜூன் மாதத்திலிருந்து ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் டானிங்டன் பார்க்கில் நடந்த டவுன்லோட் இசைத் திருவிழாவில், பர்மிங்காமின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான பிளாக் சாபத் வாசித்த இரவு, ஒலிபெருக்கி அடுக்குக்கு நேர் எதிரே இடம் பிடித்து, காதில் எதையும் வைக்காமல் கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றார். மறுநாள் காலை தொடங்கிய ரீங்காரம் இன்றுவரை ஓயவில்லை. பகலில் மறந்திருப்பார். இரவில் வீடு அமைதியானதும் அது ஆரம்பித்துவிடும்.

அவர் என் பெரியம்மா மகன், வயது 59. பதின்வயதில் எனக்கு முதல் பிளாக் சாபத் கேசட்டைக் கொடுத்தவர். பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், கிட்டார் வாசிக்கும் டோனி ஐயோமி, பேஸ் கிட்டார் வாசிக்கும் கீசர் பட்லர், டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டு என்ற நால்வரும் ஒன்றாக மேடையேறிய கடைசி ஆண்டு 2005 என்று பிறகு எத்தனையோ ஆண்டுகள் பெருமை பேசினார். அதன்பின் ஒப்பந்தத் தகராறில் வார்டு விலகினார். 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் குழு விடைபெற்றபோது டிரம்ஸில் வேறொருவர்தான் இருந்தார். அந்தக் கச்சேரிக்கு அண்ணா என்னை அழைத்தார். நான் போகவில்லை.

போகாததற்கு ஒரு கொள்கை வைத்திருந்தேன். ராக் இசைக்குழுக்களின் 'கடைசி' என்ற சொல்லை நம்பக்கூடாது என்பது என் கொள்கை. ஓஸியே 1992இல் ஒருமுறை ஓய்வு அறிவித்தவர். கிஸ் குழு 2000இல் விடைபெறும் சுற்றுப்பயணம் நடத்தியது, உண்மையில் விடைபெற்றது 2023 டிசம்பரில். ஸ்கார்ப்பியன்ஸ் 2010இல் அறிவித்துவிட்டு இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். மாட்லி க்ரூ இனிச் சுற்றுப்பயணமே கிடையாது என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, 2015இன் கடைசி இரவில் முடித்துக்கொண்டு, நான்கே ஆண்டுகளில் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். நாமும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே 'போய் வருகிறேன்' என்றுதானே சொல்கிறோம், அவர்களும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2025 பிப்ரவரி 5 அன்று சாபத்தின் இன்னொரு 'கடைசி'க் கச்சேரிக்கு அறிவிப்பு வந்தது. ஜூலை 5, பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானம், பழைய நால்வரும். ஓஸிக்கு பார்கின்சன் நோய் இருப்பது 2020இலேயே தெரிந்த செய்தி. இந்த முறை என் கொள்கையைப் பேசாமல் மடித்து வைத்துவிட்டேன்.

ஓஸி என்ற பெயரில்தான் ஓசி உண்டு. டிக்கெட் 200 பவுண்டைத் தாண்டியது. பிப்ரவரி 14 காலை விற்பனை தொடங்கியபோது இணைய வரிசையில் எனக்கு முன்னால் பல்லாயிரம் பேர் நின்றார்கள். என் முறை வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அன்று மாலையே யாரோ முகம் தெரியாதவர் மூன்று மடங்கு விலைக்குத் தருவதாகச் சமூக ஊடகத்தில் செய்தி அனுப்பினார். நல்ல வேளை, அண்ணா தடுத்தார். இரண்டு வாரம் கழித்து, வாங்கிய விலைக்கே மறுவிற்பனை செய்யும் அதிகாரபூர்வப் பக்கத்தில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சியில் திட்டம் மாறுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். முதல் நாள் பதற்றத்தில் பணத்தை இழப்பதைவிட, காலையும் இரவும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பொறுமை போதும்.

தங்குமிடத்தில்தான் சறுக்கினேன். அறிவிப்பு வந்த இரவே மைதானத்துக்கு அருகில் ஓர் அறை பதிவு செய்திருந்தேன். மூன்று வாரத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' ரத்து செய்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. அதே நாளுக்கு அதே அறை மூன்று மடங்கு விலையில் இணையத்தில் கிடந்தது. கோபப்பட்டு இரண்டு நாள் கடிதம் எழுதியதில் ஒரு பயனும் இல்லை. கடைசியில் ரயிலில் இருபது நிமிடத் தொலைவில் உள்ள கவன்ட்ரியில் பாதிக் காசுக்கு நல்ல அறை கிடைத்தது. கச்சேரி நடக்கும் ஊரிலேயே தங்கியாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நள்ளிரவுக்குள் ரயில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கியது இன்னொரு தவறு. அது முழுக்க என் ஆசை. ஐம்பதைத் தாண்டிய மூட்டுகளோடு போகிறவர்கள் இருக்கை டிக்கெட் கிடைக்கும்வரை காத்திருங்கள். உடல்நலக் காரணம் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் பெரும்பாலான அரங்குகள் துணைக்கு வருபவருக்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. அண்ணாவின் முழங்கால் அதற்குத் தகுதியானதுதான். கேட்க அவருக்குக் கூச்சம், வற்புறுத்த எனக்கு அக்கறை போதவில்லை.

வெள்ளிக்கிழமையே பர்மிங்காம் போய்ச் சேர்ந்தோம். நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குள் நிற்கும் பெரிய இயந்திரக் காளைக்கு மக்கள் வாக்களித்து வைத்த பெயர் ஓஸி. அதற்கு முன்னால் நின்று படமெடுக்கவே ஒரு வரிசை. பிராட் ஸ்ட்ரீட்டில் பிளாக் சாபத் பெயரிட்ட பாலத்தில், நால்வரின் முகம் பதித்த இருக்கையைப் பார்த்துவிட்டு, மாலையில் ஆஸ்டன் பக்கம் நடந்தோம். ஓஸி வளர்ந்த லாட்ஜ் ரோட்டில் சிறிய வரிசை வீடு. எட்டுப் பேர் கொண்ட குடும்பம் இதற்குள் எப்படிப் படுத்தது என்று அண்ணா வாசலை அளந்துகொண்டிருந்தார். இப்போதும் அந்தத் தெருவில் சாதாரணக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. எதிர்ப்பக்கம் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை. இதையெல்லாம் கச்சேரி நாளன்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் கால்கள் மைதானத்துக்குச் சொந்தம்.

சனிக்கிழமை காலை விட்டன் நிலையத்துக்குப் போன ரயிலில் கறுப்புச் சட்டை போடாத ஒரே ஆள் டிக்கெட் பரிசோதகர். நிலையத்திலிருந்து மைதானம் சில நிமிட நடை. பக்கத்துப் பூங்காவில் 17ஆம் நூற்றாண்டு மாளிகையான ஆஸ்டன் ஹால் இருக்கிறது. அதைக் கட்டிய தாமஸ் ஹோல்ட்டின் பெயரால்தான் மைதானத்தின் பெரிய பார்வையாளர் பகுதி ஹோல்ட் எண்ட் என்று அழைக்கப்படுகிறது. சின்ன வயதில் ஓஸி, கால்பந்தாட்டம் பார்க்க வருகிறவர்களின் கார்களைக் 'காவல் காக்கிறேன்' என்று சொல்லிச் சில்லறை வாங்கிய தெருக்கள் இவை. கீசர் பட்லரும் இதே வட்டாரத்துப் பையன், இந்த மைதானத்துக்குச் சொந்தமான ஆஸ்டன் வில்லா கால்பந்து அணிக்கு ஆயுள் முழுக்க ரசிகர். பெரிய நகரத்தின் ஏதோ ஓர் அரங்கில் விடைபெறுவதற்கும், தன் தெருமுனையில் விடைபெறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்று மேடையில் யார் எப்படி வாசித்தார்கள் என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

காதுக்கு வருகிறேன். சில்வண்டை இருபது ஆண்டு வளர்த்தவர் இந்த முறையும் காதடைப்பான் வேண்டாம் என்றார். வைத்தால் சத்தம் மொத்தையாகக் கேட்கும், போன காதுக்கு எதற்குப் பூட்டு என்பது அவருடைய வாதம். முதல் பாதி உண்மை. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் உயர்ந்த ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் தடுப்பதால், கிட்டார் போர்வைக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்தவை எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு பாட்டாகவே கேட்கும், சத்தம் மட்டும் இறங்கும். இருபது, முப்பது பவுண்டில் கிடைக்கிறது.

இரண்டாவது பாதி முழுத் தவறு. போனது போக மிச்சமிருப்பதற்குத்தான் பூட்டு. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான், ராக் கச்சேரியில் முன்வரிசைக்கு அது சர்வ சாதாரணம். எங்களுக்கோ பத்து மணி நேரம் காத்திருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. 'அண்ணா, நாளைக்கு வலது காதிலும் ஒரு வண்டு வந்தால் இரண்டும் சேர்ந்து ஜோடிப் பாட்டுப் பாடும்' என்றேன். உடனே வாங்கி மாட்டிக்கொண்டார். ஆரஞ்சு நிறம், தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரு மணிக்கு மாஸ்டடான் குழுவினர் தொடங்கினார்கள். மேடை சுழலும் மேடை. முன்பக்கம் ஒரு குழு வாசிக்கும்போதே பின்பக்கம் அடுத்த குழுவுக்கு டிரம்ஸ் தயாராகிவிடும். இடைவேளை குறைவு என்பதால் கேட்க இன்பமாக இருக்கிறது, கழிப்பறைக்கும் தண்ணீருக்கும்தான் வழியில்லை. பெரிய குழுக்கள் வரும்வரை காத்திருக்காமல், நமக்கு அவ்வளவாகப் பிடிக்காத குழு வரும்போதே போய்வந்துவிட வேண்டும். எந்தக் குழுவைத் தியாகம் செய்தோம் என்று இங்கே சொன்னால் நட்புகள் முறியும்.

ஒவ்வொரு குழுவும் தங்கள் பாட்டோடு பிளாக் சாபத் பாட்டோ ஓஸியின் பாட்டோ ஒன்றைச் சேர்த்து வாசித்தது. ஆந்த்ராக்ஸ், லேம்ப் ஆஃப் காட், ஆலிஸ் இன் செயின்ஸ், கொஜிரா, பன்டேரா, ஸ்லேயர், டூல், கன்ஸ் அன் ரோஸஸ், மெட்டாலிகா. தங்களுக்குப் பின்னால் பெருங்கூட்டம் வைத்திருக்கும் குழுக்கள், இங்கே பாட்டு வாத்தியாருக்கு முன்னால் பாடம் ஒப்பிக்கும் மாணவர்களைப்போல நின்றார்கள். பன்டேரா வாசித்தபோது, நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த நடிகர் ஜேசன் மமோவா மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தின் நடுவே முட்டிமோதும் வட்டத்துக்குள் புகுந்துவிட்டார். அந்த வட்டம் எங்களிடமிருந்து அதிக தூரமில்லை. இதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கலவரம்போல் இருக்கும், ஆனால் உள்ளே ஒருவர் விழுந்தால் நான்கு கைகள் உடனே தூக்கிவிடும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களும் முழங்கால் கெட்டவர்களும் வட்டத்தின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்பது நல்லது. விளிம்பு எப்போது உள்ளே இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று என்னை மிகவும் அசைத்த இளம் குரல் யங்பிளட். இரண்டு நாள் முன்பு கார் விபத்தில் இறந்த கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டாவுக்கு ஒரு பழைய சாபத் பாட்டைச் சமர்ப்பித்துப் பாடினார். கால்பந்து மைதானத்தில், அதிலும் ஜோட்டா எதிரணியாக வந்து ஆடிய மைதானத்தில், அத்தனை பேரும் அமைதியாகிப் பிறகு ஒன்றாகப் பாடினார்கள்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து பார்த்ததையெல்லாம் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டே இருந்தேன். கையடக்க மின்னேற்றியைப் பை சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து கவன்ட்ரியிலேயே விட்டிருந்தேன். வாசலில் சின்னப் பைக்குள் அதை வைத்திருந்தவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்டன் மைதானங்களில் பெரும்பாலும் ஏ4 தாளைவிடப் பெரிய பையைத்தான் அனுமதிப்பதில்லை. அந்தந்த மைதானத்தின் விதியை முதல் நாளே படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஓஸி வரும் நேரத்தில் என்னிடம் மிச்சம் 9 சதவீதம்.

மேடைக்குக் கீழிருந்து கறுப்புச் சிம்மாசனம் ஒன்று மெல்ல எழும்பி வந்தது. அதில் ஓஸி. பக்கத்தில் நின்ற, பச்சை குத்தியிராத ஓர் அங்குலமும் இல்லாத பெரிய உடம்புக்காரர் குழந்தைபோல் அழத் தொடங்கினார். எனக்கும் தொண்டை அடைத்தது. அண்ணா மட்டும் குனிந்து முழங்காலைத் தேய்த்தபடி, 'அவருக்கு மட்டும் நாற்காலி போட்டிருக்கிறார்கள், பார் தம்பி' என்றார். காலையிலிருந்து நின்ற மனிதர். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

முதலில் தன்னுடைய தனிக் குழுவோடு ஐந்து பாட்டு. குரல் சில இடங்களில் அசைந்தது, சில இடங்களில் வியக்கும்படி நின்றது. எழுந்துவிடப் பார்ப்பதுபோல் சிம்மாசனத்தின் கைகளை அழுத்துவார், உடம்பு வராது, கைகளைத் தூக்கிக் கூட்டத்தைக் கத்தச் சொல்வார். வீடு திரும்புவதைப் பற்றிய மெதுவான பாட்டு வந்தபோது ஒரு வரியில் அவர் குரல் உடைந்தது. அந்த வரியைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. 40,000 பேர், ஒரே சுருதி என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு சொல்கூட விடவில்லை. எனக்கு அந்தப் பாட்டின் பல்லவி மட்டும்தான் தெரியும். மற்ற வரிகளுக்கு வாயை அசைத்துக்கொண்டு நின்றேன். கல்யாணத்துக்குச் சாப்பிட மட்டும் வந்த விருந்தாளி மாதிரி வெட்கமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பந்தி பரிமாற வந்தவர்கள். விடைபெறும் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளில் மிக முக்கியமானது இதுதான்: வேகமான பாட்டுகள் தாமாகவே ஓடும், மெதுவான பாட்டுகளை மட்டும் முழுதாக மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். அங்கே நமக்கு வேலை இருக்கிறது. 76 வயது நோயாளியின் சுருதி விலகியதா என்று குறிப்பெடுக்கிறவர்களுக்கு வீட்டில் இசைத்தட்டு இருக்கிறது.

பிறகு பழைய நால்வரும் சேரும் நேரம். விமானத் தாக்குதல் சங்கொலி எழுந்தது. சாபத்தின் 'வார் பிக்ஸ்' பாட்டு தொடங்குகிறது என்று புரிந்ததும் அனிச்சையாகச் செல்பேசியை உயர்த்தினேன். முக்கால் நிமிடத்தில் அது அணைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் கச்சேரி பார்த்தேன்.

பெரிய திரையில் ஐயோமியின் வலது கை தெரிந்தது. அவர் இடக்கைக்காரர், கிட்டார் தந்திகளை அழுத்துவது வலது கை. 17 வயதில், இதே ஊரின் தகட்டுத் தொழிற்சாலையில், வேலையின் கடைசி நாளன்று, அந்தக் கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வெட்டியது. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டில் கிடந்த பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசிக்க ஆரம்பித்தார். அழுத்த எளிதாக இருக்கட்டும் என்று பின்னாளில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தவும் செய்தார். உலகம் ஹெவி மெட்டல் என்று அழைக்கும் இசையின் கனத்தில் பாதி அந்தத் தளர்வுதான். இதைப் பலமுறை படித்திருக்கிறேன். அந்த இரண்டு விரல் தொப்பிகளை வீடளவு பெரிதாகத் திரையில், அந்தத் தொழிற்சாலைகள் இருந்த ஊரிலேயே பார்ப்பது வேறு.

பில் வார்டு ஒரு கட்டத்தில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசித்தார். 77 வயது. வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் அந்த ஊசலாட்டத்தை வேறெந்த டிரம்மரும் கொண்டுவந்ததில்லை என்று அண்ணா அடித்துச் சொல்கிறார். நான்கே பாட்டு. கடைசியாக 'பரனாய்ட்'. முடிந்ததும் கீசர் ஒரு கேக்கை எடுத்துவந்து ஓஸியிடம் கொடுத்தார். வாணவேடிக்கை. அவ்வளவுதான். நீளமான உரை எதுவும் இல்லை.

வெளியேறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டன் நிலையத்தை நோக்கி ஓடினார்கள். நாங்கள் ஓடவில்லை, ஓடவும் முடியாது. காலியான ஒரு படியில் அண்ணாவை உட்காரவைத்து, ஊழியர்கள் கிளப்பும்வரை இருந்துவிட்டு, சற்றுத் தள்ளி இருக்கும் ஆஸ்டன் நிலையத்துக்கு மெதுவாக நடந்தோம். முதலில் ஓடியவர்களில் பலர் விட்டன் வரிசையில் அப்போதும் நின்றிருந்தார்கள். கவன்ட்ரி ரயில் டிக்கெட் செத்துப்போன என் செல்பேசிக்குள் இருந்தது நியூ ஸ்ட்ரீட்டில்தான் நினைவுக்கு வந்தது. அண்ணா சட்டைப்பையிலிருந்து இரண்டு காகித டிக்கெட்டை எடுத்தார். என்னுடையதையும் இயந்திரத்தில் அச்சிட்டு வாங்கி வைத்திருக்கிறார். 'காலையில் நீ படமெடுத்த வேகத்தைப் பார்த்தேன்' என்றார்.

ஜூலை 22, செவ்வாய்க்கிழமை இரவு ஓஸி இறந்துவிட்ட செய்தி வந்தது. கச்சேரி முடிந்து பதினேழே நாள். அண்ணாவை அழைக்க எண்ணைத் தேடுவதற்குள் அவரே அழைத்துவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சில்வண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார்.

'தம்பி, சங்கு ஊதும்போது நீ எடுத்தாயே, ஒரு படம். அதில் ஓஸி தெரிகிறாரா?'

மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். சங்கொலி, கூச்சல், என்னுடைய கர்ண கடூரமான குரல். திரை முழுக்க அண்ணாவின் பின்னந்தலை.

'இல்லை அண்ணா. உங்கள் காதுதான் தெரிகிறது. ஆரஞ்சாக.'